ஒரே ஒரு தடவை



2024 செப்டம்பர் 3-ஆம் தேதி ஹைதராபாத் கச்சிபௌலிக்குப் போயிருந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் தெலங்கானா முழுக்க மழை கொட்டித் தீர்த்திருந்தது. செகந்திராபாத்திலிருந்து கிளம்பி, ஐ.டி. கம்பெனிகள் விடும் நேரத்து நெரிசலில் மாட்டி, பாலயோகி ஸ்டேடியத்துக்குள் நுழையும்போது ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. இன்டர்கான்டினென்டல் கோப்பை, இந்தியாவும் மொரிஷியஸும்.

முன்வரிசையில் ஒரு சிறுமி, "மொரிஷியஸ் எங்கப்பா இருக்கு?" என்றாள், தமிழில். அப்பா கையிலிருந்த பாப்கார்ன் பொட்டலம் இந்தியாவாயிற்று, முழங்கால் ஆப்பிரிக்கா, நடுவே உதிர்ந்து கிடந்த ஒரு பொரி மொரிஷியஸ். சும்மா இருக்க முடியாமல் நானும் புகுந்து, "அந்த ஊர் ரூபாய் நோட்டுல தமிழ் எழுத்து இருக்கும் பாப்பா" என்றேன். அவள் நம்பவில்லை. அவள் அப்பாவும் நம்பினதாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் போனில் தேடிப் பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆட்டம் 0-0. சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 9-ஆம் தேதி சிரியா நம்மை 3-0 என்று வென்று கோப்பையைக் கொண்டுபோனது.

கண்டங்களுக்கு இடையிலான கோப்பை என்று பெயர்; வந்ததோ மூன்றே அணிகள். இரண்டு ஆசியா, ஒன்று ஆப்பிரிக்கா. திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது: இதே மண்ணில் ஆசியாவும் ஆப்பிரிக்காவும் இதற்கு முன்பும் மோதியிருக்கின்றனவே!

2003 அக்டோபர் கடைசி வாரம், தீபாவளி பட்சணம் டப்பாவில் தீருவதற்குள், நம் ஊரில் ஆப்ரோ-ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. எண்பதுகளிலேயே பேசப்பட்டு, தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ஹைதராபாத்துக்கு வந்த போட்டி. நம்மூர்ப் பெண் சானியா மிர்சா பதினாறு வயதில் நான்கு தங்கம் வாங்கினார். ஹாக்கி இறுதியில் பாகிஸ்தானை 3-1 என்று நாம் வென்றதை இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கால்பந்தைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள். தரவரிசையில் நமக்கு எங்கோ மேலே இருந்த ஜிம்பாப்வேயை 5-3 என்று சாய்த்தோம். பாய்ச்சுங் பூட்டியா இரண்டு கோல். இறுதியில் உஸ்பெகிஸ்தானிடம் 0-1. வெள்ளி.

அந்த இறுதி ஆட்டம் நடந்த அன்று நான் ஊரில்தான் இருந்தேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று போகவில்லை. அடுத்த தடவை வரவே இல்லை. 2007-ல் அல்ஜியர்ஸில் நடப்பதாக இருந்தது, நடக்கவில்லை. ஹைதராபாத்தோடு தொடங்கி ஹைதராபாத்தோடு முடிந்தது.

இரண்டு கண்டங்களின் கிளப்புகளுக்கென்றும் இப்படி ஒரு கோப்பை இருந்தது. 1986-ல் ஆரம்பித்த ஆப்ரோ-ஆசிய கிளப் சாம்பியன்ஷிப். ஆசியாவின் சாம்பியனும் ஆப்பிரிக்காவின் சாம்பியனும் மோதிப் பார்க்க வேண்டும்; வேறு சிக்கலே கிடையாது. ஐரோப்பாவும் தென்னமெரிக்காவும் 1960 முதலே அப்படி ஒரு கோப்பைக்கு ஆடிவந்தன. நாம் மட்டும் ஏன் வேடிக்கை பார்க்க வேண்டும் என்ற ரோஷம்தான் இதற்கு விதை என்று நினைக்கிறேன்.

ஆடியவர்கள் யார் என்று பாருங்கள். முதல் வருடம் கொரியாவின் தேவூ கம்பெனி அணி மொராக்கோ ராணுவ அணியை வென்றது. 1994-ல் எகிப்தின் ஜமாலெக்கைச் சாய்த்தது தாய்லாந்தின் ஒரு வங்கி அணி. ஆமாம், வங்கி! தாய் ஃபார்மர்ஸ் பேங்க். ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி அணிகளைச் சென்னை லீகில் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியும். காலையில் வவுச்சர், மாலையில் பந்து.

1998-க்கான கோப்பையை மொராக்கோவின் ராஜா காசாபிளாங்கா வென்றதோடு கதை முடிந்தது. முடிந்தது மைதானத்தில் அல்ல. 2000 ஜூலையில் ஜூரிச்சில் ஃபிஃபா செயற்குழு கூடி, 2006 உலகக் கோப்பை யாருக்கு என்று வாக்கெடுத்தது. ஜெர்மனிக்கு 12, தென்னாப்பிரிக்காவுக்கு 11. ஒரே ஒரு வாக்கில் போயிற்று. ஆசியப் பிரதிநிதிகள் ஜெர்மனி பக்கம் நின்றார்கள் என்பதில் ஆப்பிரிக்கச் சம்மேளனத்துக்குத் தாங்க முடியாத கோபம். அதே மாதம் முடிவதற்குள், இனி உங்களோடு கோப்பை கிடையாது என்று அறிவித்துவிட்டது. கல்யாண வீட்டில் சம்பந்திகள் முறைத்துக்கொண்டால் பிள்ளைகள் விளையாட்டு நிற்கும் அல்லவா, அப்படித்தான். ஆப்பிரிக்காவின் கோபத்தில் நியாயம் இருந்தது. தண்டனைதான் தப்பான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தியக் கிளப் எதுவும் அந்தக் கோப்பைக்கு எட்டவே இல்லை. அதற்கு முதலில் ஆசிய சாம்பியன் ஆக வேண்டுமே! ஆனால் 1950-களில் அப்படி ஒரு கோப்பை இருந்திருந்தால், ஹைதராபாத் சிட்டி போலீஸை அனுப்பியிருக்கலாம். ரஹீம் சாகிப் பயிற்சியில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பை வென்ற அணி அது. என் ஊர்ப்பாசம் பேசுகிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அணியில் ஆடியவர்தான் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அணியில் இருந்தார். 1960 ரோமில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் போட்டார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். 2023 பிப்ரவரியில் கொல்கத்தாவில் காலமானார். அம்முகுடா ஸ்டேஷனை ரயிலில் கடக்கும்போது எனக்கு அவர் நினைப்புதான் வரும். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொன்னால், "அப்படியா, தமிழா?" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது.

இன்று கச்சிபௌலியில் ஐ.எஸ்.எல். அணியும் இல்லை. 2022-ல் சாம்பியனான ஹைதராபாத் எஃப்.சி., பணமுடையில் தள்ளாடி, 2025-ல் டெல்லிக்குப் பெயர்ந்து பேரையும் மாற்றிக்கொண்டது.

அதனால் உங்களிடம் ஒரு வேலை. 2003-ல் ஜிம்பாப்வே ஆட்டத்தையோ, உஸ்பெகிஸ்தான் இறுதியையோ நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். அம்முகுடா, திருமலகிரி, பொல்லாரம் பக்கத்துக் குடும்பங்களில் பலராம் ஆடியதைப் பார்த்த தாத்தாக்கள் இருந்தால், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்புங்கள். டிக்கெட் துண்டோ புகைப்படமோ இருந்தால் பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். நடை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கோல் கணக்கை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். நம் வாசகர்கள் விடமாட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்