கரி அடுப்பும் கவனமும்

2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது புத்தளம், கற்பிட்டிக் குசினிகளில் மண் அடுப்பும் சிரட்டைக் கரியும் மீண்டும் இடம்பிடித்தன. மீன் சுட இன்றும் அதையே விரும்புவோர் உண்டு.

சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். நன்றாக ஆறியபின் சாம்பலை அள்ளி, காற்றுத் துவாரங்களைத் திறந்துவிடுங்கள். சவர்க்காரம் வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். கம்பித் தட்டைத் தும்பால் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். கடற்காற்றில் துரு ஏறாது. நனைந்த அடுப்பை வெயிலில் உலர்த்தி, சிறு தீயில் தொடங்குங்கள்.

தணலோடு அடுப்பைப் பூட்டிய அறைக்குள் வைக்கவே வேண்டாம். காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே உயிரைப் பறித்துவிடும். உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதை நம் குசினியிலும் பேணுவோம்.