தீட்டத் தீட்டத் தேயும்

சென்ற மார்கழியில் நண்பர்கள் சிலர் ஏற்காட்டில் கூடியிருந்தோம். இரண்டு நாட்கள் நாவல்களைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. முதல் நாள் காலையிலேயே பேச்சு காருக்குத் தாவிவிட்டது. மூட்டம் விலகி, சில்வர் ஓக் மரங்களுக்கிடையே வெயில் சாய்வாக விழுந்தபோது, நண்பர் ஒருவருடைய கறுப்புக் காரின் பானெட் முழுக்கச் சிலந்திவலை பின்னியதுபோல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. காருக்கு வயது மூன்றுதான். நண்பர் முகம் வாடிவிட்டது.

பிறகு அவர் தன் தீர்மானத்தை அறிவித்தார். பஃபிங் மெஷின் ஒன்றை இணையத்தில் வாங்கி, தானே தீட்டிக்கொள்ளப் போகிறார். அதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள். இரண்டு, காணொளியைப் பார்த்துக் கற்க முடியாத வித்தை அதில் ஒன்றுமில்லை. மூன்று, தன் பொருளைத் தன் கையால் பேணுவதே மேலான வாழ்க்கை. மூன்றாவதற்குச் சான்றாகக் காந்தியையும் ராபர்ட் பிர்சிக்கையும் அழைத்தார். கூடியிருந்தவர்கள் இலக்கிய வாசகர்கள் அல்லவா, அந்த இரு பெயர்களுக்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் மறுத்தேன். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

என் தரப்பு இதுதான். இந்த விஷயத்தில் நம் நடுத்தர வர்க்கம் தலைகீழாக நடந்துகொள்கிறது. தானே செய்யவேண்டிய வேலையை இருபது ரூபாய்க்குப் பிறர் கையில் தள்ளிவிடுகிறது. தேர்ந்தவரிடம் கொடுக்கவேண்டிய வேலையைப் பொழுதுபோக்கு என்று தன் கையில் எடுத்துக்கொள்கிறது. முதலாவது கழுவுதல். இரண்டாவது தீட்டுதல்.

முதலில் அந்தச் சிலந்திவலை என்ன என்று பார்ப்போம். யாரும் வட்டமாகக் கீறுவதில்லை. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகவே கிடக்கின்றன. ஒளி விழும் புள்ளியைச் சுற்றித் தொடுகோடுகளாக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால், அவை ஒன்றுசேர்ந்து வட்டங்களாகத் தோன்றுகின்றன. தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். நம் வீட்டு எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள், இதே வலை தெரியும். நாரும் சபீனாவும் ஆண்டுக்கணக்கில் பின்னிய வலை அது. தட்டுக்காக யாரும் மெஷின் வாங்குவதில்லை.

தட்டைக் கீறியது நார். காரைக் கீறியது எது? அன்று விடியற்காலையில் நான் பார்த்தேன். ஏற்காட்டின் விடுதி வாசல்களில் இரவெல்லாம் பனி இறங்கிக் கார்களின்மேல் முத்து முத்தாக நிற்கும். அதற்கு அடியில், முந்தைய நாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி வந்த புழுதி இருக்கும். அந்தப் புழுதியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் பாறையால் ஆனது. அதில் குவார்ட்ஸ் உண்டு. கண்ணாடியையே கீறக்கூடிய கனிமம் அது. ஐந்தரை மணிக்குக் காதில் மப்ளர் சுற்றிய முதியவர் ஒருவர் வந்து, ஒரே ஒரு மஞ்சள் துணியால் வரிசையாகப் பதினான்கு கார்களைத் துடைத்தார். பனிநீர் போதுமான ஈரம் அல்ல. அது புழுதியைக் கழுவிச் செல்லாது, குழைத்துச் சேறாக்கும். அந்தச் சேற்றை அவர் கார்களின் மேல் அழுத்தி இழுத்தார். பதினான்காவது காரில் இழுபட்டது முன்னைய பதின்மூன்று கார்களின் மணலும்தான்.

நண்பர் அந்த முதியவரைக் குற்றம் சொன்னார். நான் சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் இரண்டாவது துணி வாங்கித் தந்ததில்லை, இரண்டு வாளி நீர் தந்ததில்லை, ஒரு காருக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் கூலி தந்ததில்லை. விழித்து வரும்போது கார் ஈரமில்லாமல் மின்னவேண்டும், அதற்கு இருபது ரூபாய். இதுவே நம் ஒப்பந்தம். கீறல்களைப் போட்டது நம் கஞ்சத்தனம்.

இனி தீட்டுதலுக்கு வருவோம். தீட்டுதல் என்ற சொல்லை நான் தெரிந்தே பயன்படுத்துகிறேன். அரிசியைத் தீட்டுகிறோம். அரிசி வெள்ளையாவது ஏதோ ஒன்று சேர்வதால் அல்ல, தவிடு போவதால். கார் பூச்சும் அப்படியே. கீறலை அழிக்கும் மருந்து எதுவும் உலகத்தில் இல்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றிலுமுள்ள பூச்சைச் சீவி எடுத்துவிட்டால் கீறல் இல்லாமல் போகும், அவ்வளவுதான். மேட்டை வெட்டிக் குழியைக் காணாமல் செய்யும் வேலை அது.

வெட்டுவதற்கு எவ்வளவு இருக்கிறது? இன்றைய காரின் தகட்டின்மேல் துருத்தடுப்பு, பிரைமர், நிறம், அதற்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான். அதில் கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான், நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காம்பவுண்டு வைத்து ஒருமுறை நன்றாக வெட்டினால் அதில் இரண்டு மூன்று மைக்ரான் போய்விடும். வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் கலந்திருப்பதும் அந்த அடுக்கில்தான். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடும் என்பார்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைக்காரர்கள் தங்கள் கிளியர் கோட்டைச் சேமித்து வைக்கவேண்டியவர்கள், செலவழிக்கவேண்டியவர்கள் அல்ல.

இந்த மலையிலிருந்து பல்லாண்டுகள் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பினார்கள். பாக்சைட்டிலிருந்து பிரித்தெடுக்கும் அலுமினாதான் இன்று பெரும்பாலான பாலிஷ் காம்பவுண்டுகளில் உராயும் பொருள். சாலைப் புழுதியும் மலையின் பொடிதான், குப்பியில் வரும் காம்பவுண்டும் ஏதோ ஒரு மலையின் பொடிதான். இரண்டுமே கீறுகின்றன. இரண்டாவது கீறல் நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியதாக இருப்பதைத்தான் பளபளப்பு என்கிறோம்.

நண்பர் தன் தந்தையைச் சொன்னார். அவர் தந்தை அம்பாசிடர் வைத்திருந்தார். ஞாயிறுதோறும் ரப்பிங் பாலிஷ் போட்டுக் கையாலேயே தேய்ப்பார், கார் புதிதுபோல மின்னும். உண்மைதான். என் தந்தையும் தேய்த்தார். ஆனால் அது வேறு பூச்சு. அக்கால அம்பாசிடர்களிலும் பியட்களிலும் நிறமே மேலடுக்கு, அதற்குமேல் கிளியர் கோட் கிடையாது. வெயிலில் வெளிறிய மேற்தோலை உரித்தால் உள்ளிருக்கும் நிறம் வெளிவரும். துணியில் நிறம் ஒட்டும். தந்தையின் துணியில் நிறம் வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இன்றைய காரில் துணியில் நிறம் வந்தால் வேலை முடிந்துபோயிற்று என்று பொருள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஒரு மெஷின் வாங்கினேன். ஒரே அச்சில் சுழலும் ரகம், விலை குறைவு என்பதற்காக. காணொளிகள் பல பார்த்திருந்தேன். பானெட்டின் நடுவில் அருமையாக வந்தது. மடிப்பு விளிம்பில் ஒரு சில வினாடிகள்தான் கூடுதலாக வைத்திருப்பேன். விளிம்புகளில் பூச்சு மெலிந்திருக்கும், சூடு சீக்கிரம் ஏறும் என்பதைக் காணொளியில் சொல்லியிருந்தார்கள்தான். கேட்பது வேறு, கை அறிவது வேறு. பஞ்சில் சிவப்பு ஒட்டியது. எடுத்துப் பார்த்தபோது விளிம்பு நெடுகச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

அந்தக் காரைச் சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் வேலை பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மெஷினைத் தொடவே இல்லை. கைப்பேசி அளவில் ஒரு கருவியை எடுத்து, காரைச் சுற்றி வந்து இடம் இடமாக ஒற்றினார். கதவில் 110. கூரையில் 105. இடது முன்பக்கத்தில் 300க்கு மேல். எனக்கு முன்பு வைத்திருந்தவர் எங்கோ இடித்துப் பட்டி பார்த்து மறுபூச்சு அடித்திருக்கிறார், எனக்கே தெரியாது. பானெட்டில் 80. கருவி மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், அதில் கிளியர் கோட் எவ்வளவு என்பதைக் கையும் கண்ணும் ஊகிக்கவேண்டும். அவர் ஊகித்தார். "பானெட்ல இனிமே கை வைக்க முடியாது சார், பெயிண்ட்தான் அடிக்கணும். மத்த இடத்துல லேசா ஒரு சுத்து போதும். கோடு கொஞ்சம் இருக்கட்டும், விடுங்க" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரையே நான் தொழில் அறிந்தவர் என்பேன். தன் காரைத் தானே தீட்டுபவரால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. மெஷின் வாங்கியாயிற்று, ஞாயிற்றுக்கிழமையும் வந்தாயிற்று. ஆசையே அங்கு முதலாளி, ஆசையே தொழிலாளி.

ஏமாற்றும் கடைகள் இல்லையா? நிறைய உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள ஒன்றைப் பூசிக் கீறல்களை நிரப்பி அனுப்பிவிடுவார்கள், நாலு கழுவலில் வலை மீண்டும் எழுந்து வரும். அதைக் கண்டறிய வழியும் உண்டு. தீட்டிய இடத்தைத் தண்ணீர் கலந்த ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒளியில் பாருங்கள், நிரப்பியது கரைந்துபோயிருக்கும். தடிமன் அளக்காதவரிடமும், முதலில் ஓரடிச் சதுரத்தில் செய்துகாட்ட மறுப்பவரிடமும் காரைக் கொடுக்காதீர்கள். மோசமான மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக யாரும் கத்தி வாங்கித் தானே அறுத்துக்கொள்வதில்லை. வேறு மருத்துவரைத் தேடுகிறோம்.

காந்தியைப் பற்றி. டால்ஸ்டாய் பண்ணையில் அவர் செருப்புத் தைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குமுன் காலன்பாக் மரியன்ஹில் மடத்துத் துறவிகளிடம் போய் அந்தத் தொழிலைக் கற்று வந்தார் என்பதும், அவரிடம் காந்தி கற்றார் என்பதும் நினைவில் நிற்பதில்லை. மேலும், எல்லோரும் கட்டாயம் தானே செய்யவேண்டும் என்று காந்தி வற்புறுத்திய வேலை எது? கழிப்பறையைக் கழுவுவது. யாரும் விரும்பாத, பிறர்மேல் சுமத்திவிட்ட வேலையை அவர் நம் கையில் கொடுத்தார். நாமோ கழுவும் வேலையை முதியவரிடம் விட்டுவிட்டு, ஒலியும் வேகமும் உள்ள மெஷின் வேலைக்குக் காந்தியின் பெயரைச் சூட்டுகிறோம்.

பிர்சிக் 1974இல் எழுதிய மோட்டார் சைக்கிள் நூலில் பட்டறைக்காரர்கள் அவருடைய வண்டியைப் பாழாக்குகிறார்கள். அதைப் படித்து, கூலிக்குச் செய்பவர்கள் எல்லோரும் மோசம் என்று நண்பர் எடுத்துக்கொண்டார். பிர்சிக்கின் சினம் கூலியின்மேல் அல்ல, அக்கறையின்மைமேல். வேலையில் மனம் இல்லாமல் வேடிக்கை பார்ப்பவர்போலக் கைவைப்பதைத்தான் அவர் சாடுகிறார். காணொளியைப் பார்த்துவிட்டு விளிம்பில் மெஷினை வைத்த என்னைவிடப் பெரிய வேடிக்கையாளன் யார்?

நண்பரின் இரண்டாவது காரணம்தான் என்னை மிகவும் உறுத்தியது. கையால் செய்யும் வேலைக்குள் அறிவு ஒன்றும் கிடையாது, கருவி கிடைத்தால் யாரும் செய்யலாம் என்ற எண்ணம் நம்மிடம் மிகப் பழையது. கணக்குத் தணிக்கையை யாரும் ஞாயிற்றுக்கிழமைக் காணொளியில் கற்றுச் செய்வதில்லை. பட்டறைக்காரரின் வேலை மட்டும் எளிதாகத் தோன்றுகிறது. அது நம் பார்வையின் கீறல்.

விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். பழைய இரும்புக் கடையில் ஒரு பானெட்டை வாங்கி, அதில் மாதக்கணக்கில் பழகி, இருவழிச் சுழற்சியுள்ள மெஷினும் மென்மையான பஞ்சும் வைத்துக்கொண்டு, அளந்து பார்த்துச் செய்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் தொழிலைக் கற்றவர். ஏற்காட்டின் குளிர்ந்த நிழல் தீட்டும் வேலைக்கு உகந்தது என்று நண்பர் சொன்னதும் சரிதான். குளிர்ந்த தகட்டில்தான் காம்பவுண்டு சீக்கிரம் காயாமல் வேலை செய்யும்.

ஆனால் நம் எல்லோர் கைக்கும் உரிய வேலை அதற்கு முந்தையது. காய்ந்த துணியால் புழுதியைத் துடைக்காதீர்கள். முதலில் நீரை ஊற்றி மணலை இறக்குங்கள். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் துணியை அலச வெறும் நீர். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் தனித் துணி, ஏனெனில் மலையிறக்கத்தில் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கேதான் அதிகம். சுத்தமான மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். அரைமணி நேர வேலை. இதற்கு முதுகு குனியவேண்டும், உடை நனையும், பார்ப்பவர்கள் நம்மை டிரைவர் என்று எண்ணக்கூடும். இந்தக் கடைசிக் காரணத்தினால்தான் நாம் இதைச் செய்வதில்லை என்பது என் சந்தேகம்.

திரும்பும் நாள் காலையில் மஞ்சள் துணியோடு வந்த முதியவரிடம், என் காரைத் துடைக்கவேண்டாம், இரண்டு வாளி மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். "நீங்க எதுக்குங்க சார்?" என்று கேட்டார். வழக்கமான காசைக் கொடுத்து, வாளிகளை வாங்கிக்கொண்டேன். நண்பர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வரவில்லை.