கூண்டுக்கு வெளியே நிற்பவர்கள்

நாய்க்குட்டிகளோடு விளையாடுவதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களா, கொடுத்து வைத்த பிள்ளை! செல்லப் பிராணிகள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞனைப் பற்றி நம் வீடுகளில் எழும் முதற்பேச்சு பெரும்பாலும் இதுதான். பேசுபவர் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார். ஆயினும் இந்த நல்லெண்ணத்தைப் போல ஒரு தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது பிறிதொன்று இல்லை என்பதே நமது வாதம். அன்பினால் செய்யும் வேலைக்கு நிறைகூலி கேட்பது அநாகரிகம் என்னும் எண்ணத்தைக் கடைக்காரர் உண்டாக்கவில்லை. அதை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் நாம். அவர் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறார், அவ்வளவே. செவிலியருக்கும், பாலர் பள்ளி ஆசிரியைக்கும், ஏன், நம் கோயிற்பிள்ளைக்குமே இந்த நியாயத்தைச் சொல்லித்தான் இத்தனை காலமும் குறைத்துக் கொடுத்து வந்திருக்கிறோம்.

திருப்பரங்குன்றத்தாருக்கு விலங்கும் பறவையும் புதியவை அல்ல. மயிலும் சேவலும் முருகனோடு சேர்த்தே எண்ணப்படும் ஊர் இது. சரவணப்பொய்கையில் மீன்களுக்குப் பொரி போடாமல் வீடு திரும்பும் குழந்தைகள் குறைவு. அந்த மீன்களுக்கு விலை இல்லை. விலையுள்ள மீன்கள் மதுரைக்குப் போகும் வழியில் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துகின்றன. முன்பெல்லாம் வண்ணமீன் கடை என்றால் ஒரு சிறு அறை, பத்துத் தொட்டி, ஒரு கூண்டு நிறைய லவ் பேர்ட்ஸ், கல்லாவில் முதலாளியே. இன்று பெருநகரங்களில் கிளை கிளையாகப் பரவும் கடைகள் வேறு மாதிரியானவை. குளிரூட்டிய கூடம், ஒரே நிறச் சட்டையணிந்த பணியாளர், மாதந்தோறும் இவ்வளவு விற்றாக வேண்டும் என்ற இலக்கு ஆகியவை அவற்றின் அடையாளம். சிறு கடைக்காரரைப் பற்றி நமக்குப் பெரிதாகப் புகார் இல்லை. அவரும் தம் மனைவியோடு அங்கேயே நின்றுகொண்டுதான் இருக்கிறார். நம் கேள்வி பெரிய கடைகளைப் பற்றியது.

அவ்வேலை எத்தகையது? காலையில் கதவைத் தூக்கியதும் முதலில் எதிர்கொள்வது நாற்றம். இரவெல்லாம் அடைபட்டிருந்த சிறுநீரின் காரம் கண்ணைக் கரிக்கும். கூண்டுகளுக்கு அடியிலுள்ள தட்டுகளை உருவி, எச்சமும் உதிர்ந்த இறகும் ஒட்டிய செய்தித்தாளை அகற்றி, கழுவித் துடைத்துப் புதுத்தாள் விரிக்க வேண்டும். வாடிக்கையாளர் வருமுன் தொட்டிகளில் செத்து மிதக்கும் மீன்களை வலையால் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். செத்த மீனைக் கண்டால் யாரும் உயிர்மீனை வாங்கமாட்டார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். நீரின் எடை தூக்கியவனுக்குத்தான் தெரியும். ஒரு வாளி, இரண்டு வாளி அல்ல, முப்பது நாற்பது. சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றுபோனால் காற்றுக்குழாய் அடங்கிவிடும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கும். ஓட்டமும் நடையுமாக மின்கலப் பொறியை மாட்ட வேண்டும். பனிநாட்டுக்கென்றே பிறந்த ஹஸ்கி நாயை மதுரை வெயிலில் விற்பது யாருடைய புத்தி என்று நாம் பலமுறை வியந்ததுண்டு. அந்த நாய் இளைத்து இரைக்கும்போது ஈரத்துணியோடு அருகில் உட்கார்பவன் அதை வரவழைத்த முதலாளி அல்லன்.

இவை முடிந்த பிறகே விற்பனை தொடங்குகிறது. கண்ணாடியைத் தட்டாதே தம்பி என்று நூறு முறை சொல்ல வேண்டும், நூறு முறையும் சிரித்துக்கொண்டே. பூனைக்கு உணவு வாங்க வந்தவரிடம் சீப்பையும் வாசனைத் தைலத்தையும் விற்றாக வேண்டும். கூட்டம் பெருகும் நாள் ஞாயிறு. ஆகவே ஞாயிறு விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பூசை முடிந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கடைக்குள் நுழைகிறவர்களில் நாமும் இருக்கிறோம் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஏழாம் நாள் ஓய்வைப் பற்றி விடுதலைப் பயண நூல் பேசும்போது மாட்டையும் கழுதையையும் வேலைக்காரரையும் ஒரே மூச்சில் சேர்த்தே பேசுகிறது. அக்கட்டளையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

குட்டிகளுக்குப் பெயர் வைக்காதே என்று இத்தொழிலில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்வதுண்டு. காரணம் இல்லாமல் இல்லை. தாயிடமிருந்து பிரித்து நெடுந்தொலைவு கொண்டுவரப்படும் குட்டிகளைப் பார்வோ என்னும் நுண்ணுயிரி எளிதாகத் தாக்குகிறது. 1978இல் அடையாளம் காணப்பட்ட இந்நோய் வயிற்றுப்போக்காகவும் வாந்தியாகவும் வெளிப்பட்டுச் சில நாட்களில் உயிரைக் குடித்துவிடும். கிருமி தரையில் மாதக்கணக்கில் தங்கும். வெளுப்புக் காரம் இட்டுக் கழுவினாலன்றிப் போகாது. இரண்டு இரவு கண்விழித்து உப்புச்சர்க்கரை நீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டிய குட்டி மூன்றாம் நாள் விறைத்துக் கிடந்தால், அதைப் பையில் கட்டிக் கொண்டுபோய்ப் புதைப்பவனும் அவனே. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. தொழிலாளியின் அசட்டையால் நேர்ந்த இழப்புக்கு மட்டுமே பிடித்தம் செய்யலாம், அதற்கும் முன்பு அவனது விளக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்பது 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் தொட்டு 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் வரை மாறாத நெறி. பார்வோ எவனுடைய அசட்டை? தடுப்பூசி போடாத குட்டியை வாங்கிவந்தவனுடையதா, அதைக் கழுவித் துடைத்தவனுடையதா?

கடி, கீறல் இல்லாத வாரம் இவ்வேலையில் அரிது. வெறிநாய்க்கடி நோய் முற்றி அறிகுறி வெளிப்பட்டபின் பிழைத்தோர் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. விலங்குகளைக் கையாளும் வேலையில் இருப்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. பூனையிடமிருந்து படர்தாமரை, எலிகளிடமிருந்து எலிக்காய்ச்சல், கிளியினப் பறவைகளின் எச்சத்தூளை மூச்சில் இழுப்பதால் வரும் கிளிக்காய்ச்சல் என்னும் நுரையீரல் நோய் ஆகியவையும் உண்டு. குட்டிக்குப் போட்ட ஊசியின் அட்டையைக் கேட்டு வாங்கும் நாம், அக்குட்டியைத் தூக்கிக் காட்டுபவனுக்கு ஊசி போட்டாயிற்றா என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா?

2020 மே மாதத்தில் திருப்பரங்குன்றம் கோயில் யானை தெய்வானை தன் பாகரையே தாக்கிக் கொன்றது. ஊரே பேசிற்று. யானைக்கு என்ன ஆயிற்று, மதமா, மனச்சோர்வா, அதைக் கோயிலில் வைத்திருக்கலாமா, காட்டுக்கு அனுப்பலாமா என்று பேசினோம். தேவையான பேச்சுத்தான். ஆனால் அந்த யானையோடு இரவும் பகலும் வாழ்ந்த மனிதரின் வேலை நேரம் என்ன, ஓய்வு என்ன, அவருக்கு உதவியாள் இருந்தாரா என்ற கேள்விகள் நம் திண்ணைகளில் எழவில்லை. விலங்கைப் பராமரிப்பவர் விலங்கின் நிழலில் மறைந்துபோகிறார். கடையிலும் அப்படியே.

சட்டங்களை எடுத்துப் பார்த்தாலும் இது விளங்கும். பிராணிகள் கடைகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015இல் தனது 261ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2017இல் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் 2018இல் செல்லப் பிராணிகள் கடை விதிகளும் வந்தன. கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவுபெற வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. கூண்டுக்கு இத்தனை அளவு வேண்டும். தண்ணீரும் காற்றோட்டமும் வேண்டும். நல்ல விதிகள். நாம் அவற்றை வரவேற்கிறோம். ஆனால் கூண்டுக்குள் இருக்கும் உயிர் நிற்கவும் படுக்கவும் இடத்தை அளந்து எழுதிய அதே 2018இல், கூண்டுக்கு வெளியே நிற்பவன் உட்காரலாமா என்பது தமிழகத்தில் சட்டத்தில் எழுதப்படவில்லை. கேரளத்தில் அவ்வாண்டு எழுதப்பட்டது. அதுவும் தானாக எழுதப்படவில்லை. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பாகத் திரண்ட கடைப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றார்கள். நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில்தான் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவு சேர்ந்தது. ஓர் இருக்கைக்காக எழுபத்து நான்கு ஆண்டுகள்! அந்த 1947 சட்டத்திலேயே நாளுக்கு எட்டு மணி நேரம், வாரம் ஒருநாள் விடுப்பு, மிகைநேரத்துக்கு இருமடங்கு கூலி எல்லாம் உள்ளன. படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

விலங்குக்குச் சட்டம் போட்டதால்தான் மனிதனுக்கு இல்லாமற் போயிற்று என்று நாம் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். உண்மை அதற்கு நேர்மாறானது. கூண்டின் அளவைக் கடைப்பிடிப்பதும், பதிவேட்டை எழுதுவதும், சோர்ந்த குட்டியை முதலில் கண்டுகொள்வதும் அந்தப் பணியாளனே. பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் பதின்மூன்றாம் மணியில் எந்தக் குட்டியின் கண்ணைப் பார்ப்பான்? பச்சைக்கிளியை விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சோதனை வரும்போது கல்லாவில் நிற்பவன்தான் முதலில் அகப்படுவான். அதை வாங்கி வைத்தவன் வேறு ஊரில் இருப்பான்.

இது நம் மண்ணுக்கு அந்நியமான வழக்கும் அல்ல. ரோசாப்பூ துரை என்று நம் மக்கள் அழைத்த ஜார்ஜ் ஜோசப், செங்கன்னூரில் பிறந்த கிறிஸ்தவர், மதுரையில் வழக்கறிஞராக இருந்துகொண்டே மில் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். தொடக்கத்தில் கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. பிறகு முதலாளிகளும் ஆட்சியும் கைகோத்துச் சங்கத்தை ஒடுக்கினர். ஆனாலும் விதை விழுந்துவிட்டது. பசுமலை மகாலட்சுமி மில்லில் சங்கொலிக்கு வேலைக்குப் போய்ச் சங்கொலிக்கு வீடு திரும்பிய தாத்தாவுக்கு வைப்பு நிதியும் போனஸும் இருந்தன. பேரனுக்குச் சீருடைச் சட்டை இருக்கிறது. பணி நியமனக் கடிதம் இல்லை.

செல்வ நாடுகளில் இவையெல்லாம் சீராயிருக்கும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மிகப் பெரிய பிராணிக் கடைத்தொடரான பெட்ஸ்மார்ட், நாய்களுக்கு முடி திருத்தும் பயிற்சி இலவசம் என்று விளம்பரம் செய்து, இரண்டு ஆண்டுக்குள் விலகினால் பயிற்சிச் செலவாக ஐயாயிரம் டாலர் கட்ட வேண்டும் என எழுதி வாங்குகிறது என்று 2022இல் கலிபோர்னியாவில் ஒரு முன்னாள் பணியாளர் வழக்குத் தொடுத்தார். அதே கலிபோர்னியாவில் 2019 முதல் கடைகள் வளர்ப்பகங்களிலிருந்து வாங்கிய நாய், பூனை, முயல்களை விற்கக் கூடாது. காப்பகத்தில் உள்ளவற்றையே கொடுக்கலாம். அந்நாட்டில் நாய்க்கு ஒரு வழி பிறந்தது. நாயைக் குளிப்பாட்டியவர் வழக்காடிக்கொண்டிருந்தார்.

ஆகவே கடைக்குப் போகும்போது இரண்டு காரியங்களைப் பார்ப்போம். கல்லாவுக்குப் பின்னால் இருக்கை இருக்கிறதா? இருந்தும் யாரும் அதில் உட்காரவில்லையென்றால், ஏன் உட்காரவில்லை என்று பணியாளரிடமல்ல, மேலாளரிடம் கேட்போம். பணியாளர்களுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் அவரிடமே கேட்போம். மூன்று தவணைதான். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, அதே கடை அலமாரியில் அடுக்கியிருக்கும் வெளிநாட்டு நாயுணவுப் பெரிய மூட்டை ஒன்றின் விலைக்குக் கீழே.