ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் பல் கிளிப்பும்

பல்லுக்குக் கிளிப் போடுவது பள்ளிப் பிள்ளைகள் சமாசாரம் என்றிருந்தது மாறிவிட்டது. அம்பத்தூர், ஆவடி பக்கம் அறுபதைத் தாண்டிய பெண்மணிகளும் போட்டுக்கொள்கிறார்கள். நல்லதுதான். என் ஆட்சேபம் பல கிளினிக்குகளில் கேட்கும் கேள்வியைப் பற்றி: "சுகர், பிபி உண்டா? தினமும் என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

எலும்பு மெலிவுக்காக ஞாயிறுதோறும் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை போடுகிறவர் இதற்கு "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். வருஷத்துக்கு ஒருமுறை ஸோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டுக்கொள்கிறவருக்கு அது நினைவிலேயே வராது. காலமெல்லாம் படிவங்களோடு மல்லுக்கட்டியவன் நான். கேள்வி கோணலானால் பதிலும் கோணல்தான்.

எலும்பு மெலிவு என்பது மூட்டுத் தேய்மானம் அல்ல. ஸ்ட்ராஸ்பூர் நகரத்து லோப்ஸ்டைன் என்ற மருத்துவர் இதற்கு வைத்த 'ஒஸ்தியோபொரோஸ்' என்ற பிரெஞ்சுப் பெயரே துளை விழுந்த எலும்பு என்று சொல்லிவிடுகிறது.

கம்பி இழுப்பதால் மட்டும் பல் நகர்ந்துவிடாது. பல் அழுத்தும் பக்கத்தில் சில செல்கள் எலும்பைக் கரைக்க வேண்டும்; மறுபக்கம் வேறு செல்கள் புது எலும்பு கட்ட வேண்டும். இரண்டும் நடந்தால்தான் மாதம் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும். மெலிவு நோயில் கரைப்பு அதிகம், கட்டுமானம் குறைவு. சினைப்பை அகற்றிய எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் பல் வேகமாகவே நகர்ந்தது. ஆனால் நகர்ந்த பல் புது இடத்தில் நிற்க வேண்டுமே! மாத்திரை செய்வதோ நேர் எதிர். கரைக்கும் செல்களின் கையைக் கட்டிவிடும், பல் நத்தையாய் ஊரும். மாத்திரையை நிறுத்தினாலும் மருந்து எலும்பில் வருஷக்கணக்கில் தங்கியிருக்கும்.

இதைவிடக் கவலை, கிளிப்புக்கு இடம் வேண்டிப் பல் பிடுங்குவது. இந்த வகை மருந்து எடுத்தவர்களுக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போவதை 2003இல் அமெரிக்காவில் கவனித்து எழுதினார்கள். பெரும்பாலோர் புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். எலும்பு மெலிவுக்குத் தரும் அளவில் இது அபூர்வம். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இடுப்பெலும்பு முறிந்தால் படும் பாடு பெரும்பாடு.

வேலப்பன்சாவடி சவீதாவோ, கோட்டை ஸ்டேஷன் பக்கத்து அரசு பல் மருத்துவக் கல்லூரியோ, தெருமுனைக் கிளினிக்கோ, எங்கே போனாலும் அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாத்திரை அட்டையையும் ஊசி போட்ட சீட்டையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள். எலும்பு டாக்டரிடமும் கிளிப் போடப்போவதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.