துப்பாக்கியும் சைக்கிளும்

என்னிடம் முன்பு படித்த பையன் ஒருவன் சைக்கிளில் தேசம் தேசமாய்ச் சுற்றிவரப் புறப்படுகிறான். வழியில் யுத்தம் நடக்கும் நாடு ஒன்றும் குறுக்கிடுகிறது. அவனுடைய தாயார் சென்ற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, "நீங்கள் சொன்னால்தான் கேட்பான், ஐயா. அந்த நாட்டுக்குள் மட்டும் போகவேண்டாமென்று சொல்லுங்கள்" என்று கண் கலங்கினார். சொல்வதாக வாக்களித்தேன். ஆனால் அன்றிரவு பம்பாய் வாலிபர்கள் சிலருடைய ஞாபகம் வந்து என் வாயை அடைத்துவிட்டது.

1923-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். மூவர் நடுவழியில் பிரிந்தனர். ஆதி ஹக்கீம், ஜால் பாபாஸோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மற்ற மூவரும் பாரசீகம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா முதலிய நாடுகளைக் கண்டு, சுமார் 44,000 மைல் கடந்து, 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் எழுதிய பிரயாண நூலுக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை அளித்தார்.

இப்பிரயாணத்தில் என் மனம் நிற்கும் இடம் சீனாதான். அந்த வருஷங்களில் அந்நாட்டை ஆளுக்கொரு பகுதியாகச் சேனாதிபதிகள் பங்கிட்டுக்கொண்டு போரிட்டனர். 1926 ஜூலையில் கான்டனிலிருந்து தேசியப் படை வடக்கு நோக்கிப் புறப்பட்டது; மறுவருஷம் ஷாங்காயும் நான்கிங்கும் அதன் வசமாயின. இந்த அமளியில், இந்தியன் என்றதும் சீனருக்கு யார் நினைவு வந்திருக்கும்? ஷாங்காயில் அந்நியர் குடியிருப்பைக் காவல் காத்த சீக்கியப் போலீஸ்காரரின் நினைவுதான். 1925 மே 30-ஆம் தேதி, ஆங்கில அதிகாரி ஒருவரின் உத்தரவுப்படி ஜனங்கள்மீது சுட்டவர்களில் சீக்கியரும் இருந்தனர். 1927-ல் பிரிட்டிஷார் ஷாங்காய்க்கு அனுப்பிய சேனையில் இந்தியத் துருப்புகளும் இருந்தன. அதைக் கண்டித்து, அவ்வருஷம் டிசம்பரில் நம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை தீர்மானம் நிறைவேற்றியது.

அத்தகைய நாட்டிலேதான் வேறு மூன்று இந்தியர் எவர் உத்தரவுமின்றி, எவரையும் அடக்கும் நோக்கமின்றிச் சைக்கிளில் சென்றனர். சைக்கிள்காரனைப்போல் ஏழை உண்டோ? மூட்டை மூட்டையாய் உணவு கட்டிச் செல்ல அவனால் முடியாது. தாகமெடுத்தால் கதவைத் தட்டவேண்டும். இருட்டினால் ஒதுங்க இடம் கேட்கவேண்டும். சிப்பாய் கிராமத்துக்குள் நுழைந்தால் வேண்டியதை எடுத்துக்கொள்கிறான். சைக்கிள்காரன் கேட்டு வாங்குகிறான். பிற தேசத்தாருக்கு நம்மைப்பற்றித் தீர்மானங்கள் சொல்லாததை, அப்படிக் கேட்டு வாங்கும் ஒருவன் சொல்லிவிடக்கூடும்.

இதனால் யுத்தம் நின்றதா? நிற்கவில்லை. வருகிறவன் சைக்கிள்காரனென்று குண்டுக்குத் தெரியுமா? தெரியாது. அந்தத் தாயாரின் அச்சம் முற்றும் நியாயமே.

மறுநாள் பையனை அழைத்தேன். போகாதே என்று சொல்ல நா எழவில்லை. "அந்நாட்டு எல்லையை நெருங்கியதும் ஊராரைக் கேள். திரும்பிப் போ என்றால் வெட்கப்படாமல் திரும்பு. உனக்குச் சோறிட்ட வீட்டுக்கு உன்னால் ஆபத்து வரக்கூடாது; நீ போனபின் விசாரணைக்கு ஆளாகிறவர்கள் அவர்கள்தான். வாரம் தவறாமல் அம்மாவுக்குக் கடிதம் எழுது" என்றேன். அவன் தலையசைத்தான்.

அந்த அம்மாளுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. பையன் சௌக்கியமாய்த் திரும்பும்வரை அவர்கள் வீதிப் பக்கம் போக எனக்குத் துணிவில்லை.