பேய் ஊர் என்று சொல்லாதீர்கள்!

வயசுப் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்களோடு ஒரு விஷயத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டு, நான் சொல்வது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் பிளஸ் ஒன், மகள் ஒன்பதாம் வகுப்பு. இந்த வயதில் பிள்ளைகளுக்குக் கோயில் குளம் என்றால் வேப்பங்காய். பேய், பிசாசு, அமானுஷ்யம் என்றால் மட்டும் கண் விரியும். ராத்திரி போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு பேய் வீடியோவாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு என் மகள், பாத்ரூம் போக என்னை எழுப்புவாள். "அவ்ளோ பயமா இருந்தா ஏன்டி பாக்குற?" என்றால், "பயமா இருக்கறதாலதாம்மா பாக்குறேன்" என்பாள். இதற்கு என்ன பதில் சொல்வது?

லண்டனில் இருக்கும் என் நாத்தனார் மகன், தன் பிள்ளைகளைக் காசு கட்டிப் 'பேய் சுற்றுலா'வுக்குக் கூட்டிப் போனதாகப் போனில் சொன்னான். யார்க் என்ற ஊரில் 1973லிருந்தே இது நடக்கிறதாம். ராத்திரியில் ஒருவர் முன்னால் நடந்துகொண்டே இன்ன வீட்டில் இன்ன ஆவி என்று கதை சொல்வாராம். அதைக் கேட்டதிலிருந்து என் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், "நம்மளும் போகணும்" என்று.

முதலில் கேட்டது கொடைக்கானல் குணா குகை. எங்கள் ஆத்தூர் காமராஜர் அணைக்கரையில் நின்றால் எதிரே தெரிவது மலைதான், கொடைக்கானல் பக்கம். 2024ல் 'மஞ்சுமெல் பாய்ஸ்' படம் வந்த பிறகு அங்கே கூட்டமான கூட்டம். வெள்ளைக்காரன் அந்த இடத்துக்கு வைத்த பெயர் 'பிசாசின் சமையலறை'. ஆனால் அங்கே ஆளை விழுங்கியது பிசாசா? பாறை இடுக்கில் இருக்கும் அதல பாதாளம். பிசாசு என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் பிசாசைத்தான் தேடுவார்கள். பள்ளத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் வேண்டாம் என்றுவிட்டேன்.

கடைசியில் முடிவானது தனுஷ்கோடி. அத்தைக்கு ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வேண்டும், பிள்ளைகளுக்குப் 'பேய் நகரம்' பார்க்க வேண்டும். ஒரே செலவில் இரண்டும் ஆச்சு என்று என் கணவர் வேன் பிடித்தார். சின்னாளபட்டி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று போகிற வழியெல்லாம் ஒரே பேய்ப் பேச்சு. சகோதரிகளே, இங்கே நான் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டு நம்மோடு பேசுகிறார்களே என்ற சந்தோஷத்தில், நானும் சேர்ந்து கதை விட்டேன். "ராத்திரி ரயில் சத்தம் கேக்குமாம், ஆளுக அழுவுற சத்தம் கேக்குமாம்" என்று நாலு பிட்டு சேர்த்தே போட்டேன். வேன் டிரைவர் தம்பி தன் பங்குக்கு வெள்ளைப் புடவைக்காரியையும் கொண்டுவந்து நிறுத்தினார்.

மறுநாள் காலை தரிசனம் முடித்துத் தனுஷ்கோடி போனோம். முன்பு ஜீப்பில் மணலில் குலுங்கிக்கொண்டு போவார்கள். 2017லிருந்து அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடு. இரண்டு பக்கமும் கடல். இடிந்த சர்ச் சுவர் நிற்கிறது. ரயில்வே ஸ்டேஷன் மிச்சம் நிற்கிறது. என் மகன் போனை எடுத்து, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "இங்கதான் ஆவிகள் நடமாடுது" என்று வீடியோ எடுக்க ஆரம்பித்தான். மகள் முடியை முன்னால் விட்டுக்கொண்டு சுவருக்குப் பின்னாலிருந்து வந்தாள். நாங்கள் சிரித்தோம். ஆமாம், நானும்தான் சிரித்தேன்.

பக்கத்தில் சங்கு, பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவரிடம் போய் என் மகன், "ஆன்ட்டி, நீங்க இங்க பேய் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டான்.

அவர் கோபப்படவில்லை. "வர்றவுக எல்லாரும் இதத்தான் கேக்குறாக தம்பி. எங்க அப்பத்தா இங்கதான் அலையில போச்சு. ஒடம்புகூடக் கெடைக்கல. அப்ப எங்க அப்பத்தாவத்தான் பேயிங்குறியா?" என்றார்.

அவ்வளவுதான். என் மகன் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். மகள் முடியைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் மேல் என்ன தப்பு? வழி நெடுகக் கதை விட்டது நான்தானே!

அந்த மணலிலேயே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறி, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தாண்டித் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு போகலாம். தபாலாபீஸ், சுங்க ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர் இது. 1964 டிசம்பர் 22ம் தேதி ராத்திரி புயல் அடித்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் கடல் எழுந்து வந்து, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அப்படியே வாரிக்கொண்டு போனது. ஊரும் போனது. அதற்குப் பிறகு அரசாங்கம், இது மனிதர் குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து பிழைப்பு நடத்துகின்றன. கடலை விட்டு அவர்கள் எங்கே போவார்கள்?

"முன்னாடியே யாரும் சொல்லலையாம்மா?" என்று மகள் கேட்டாள். இன்று நம் போனுக்கே புயல் எச்சரிக்கை வந்துவிடுகிறது, அன்று குடிசையில் தூங்கியவர்களுக்கு யார் வந்து சொல்வது என்றேன். பாம்பன் பாலமும் அந்தப் புயலில் சிதைந்து, ஸ்ரீதரன் என்ற இஞ்சினியர் தலைமையில் 46 நாளில் சரிசெய்ததைச் சொன்னதும், மகன் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் போனைத் தொடவே இல்லை. பேய்க் கதைக்குக்கூட அவர்கள் அப்படி உட்கார்ந்ததில்லை.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த என் அத்தை அப்போதுதான் சொன்னார், "அந்தப் புயலப்ப எனக்குப் பன்னண்டு வயசு. பேப்பர்ல போட்டதை எங்கய்யா சத்தமாப் படிக்க, தெருவே உக்காந்து அழுதுச்சு" என்று. பத்தொன்பது வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இது எனக்கே புதுச் செய்தி!

சகோதரிகளே, வயசுப் பிள்ளைகளை இப்படிப்பட்ட இடங்களுக்குக் கூட்டிப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கூட்டிப் போங்கள். நாம் கூட்டிப் போகாவிட்டாலும் அவர்கள் போனில் பார்க்கத்தான் போகிறார்கள். ஆனால் வண்டி ஏறும் முன்பே அங்கே என்ன நடந்தது, யார் செத்தார்கள் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். பயந்த சுபாவமுள்ள பிள்ளையைக் கேலி செய்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே பிழைக்கிறவர்களிடம் பேய் விசாரிக்காமல், ஒரு சங்காவது வாங்குங்கள்.

'பேய் நகரம்' என்ற சொல் கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல், செத்தவர்களை வேடிக்கைப் பொருளாக்கிவிடுகிறது, இருக்கிறவர்களை இல்லாதவர்களாக்கிவிடுகிறது. நம் வீட்டில் ஒருவர் அப்படிப் போயிருந்தால், அவர் போன இடத்தில் நின்று யாராவது முடியை விரித்துப்போட்டுச் சிரிக்க விடுவோமா?

இந்த ஒரு பயணத்தில் என் பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். மகள் இன்னும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள், பேய் வீடியோவும் பார்க்கிறாள். ஆனால் என் மகன் அன்றைக்கு எடுத்த வீடியோவை யாருக்கும் அனுப்பவில்லை. அழித்துவிட்டான். நான் சொல்லி இல்லை, அவனாகவே. அந்த அம்மாவிடம் வாங்கிய சங்கு எங்கள் வீட்டு டி.வி. மேஜை மேல் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால், "இது ஒரு அப்பத்தா ஊர்ல வாங்குனது" என்கிறாள் மகள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் சகோதரிகளே? எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, ஆத்தூர், திண்டுக்கல் மாவட்டம்.