யாருடைய வாள்?

"இரவெல்லாம் வாள் வீசுகிறான், பகலெல்லாம் வகுப்பில் தூங்குகிறான்." சென்ற தவணையின் இறுதியில், நான் கற்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் கூட்டத்தில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு இது. சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும் தீர்ப்பும் வந்தது: பரீட்சைக்கு அவனைப் பாடசாலை மூலம் அனுப்ப வேண்டியதில்லை, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றட்டும். பாடசாலையின் சித்தி வீதம் கெட்டுவிடக் கூடாதல்லவா! தமிழில் 28 புள்ளி வாங்கியவனுக்காக வாதாட எவர் முன்வருவார்? அந்த 28 புள்ளியை இட்டவன் நான். அன்று நானும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

தீர்ப்பைத் தாயாருக்கு அறிவிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியை அண்டிய தொடர்மாடி ஒன்றில் அவர்களுடைய வீடு. தகப்பனார் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். தாயார் வீட்டிலிருந்து தையல் செய்பவர். ஒரே அறையில் தையல் இயந்திரம், அரிசிப் பெட்டி, புத்தகங்கள். மூலையில் தொலைக்காட்சியோடு இணைத்த பிளேஸ்டேஷன். மாமன் கட்டாரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த பழைய பெட்டி அது. தாயார் தேநீர் வைக்கப் போன வேளையில், "அதை ஒருமுறை காட்டு தம்பி" என்றேன். குற்றவாளியை விசாரிக்கும் மனநிலையிலேதான் கேட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

விளையாட்டின் பெயர் நியோ. ஜப்பானிலே கோயி டெக்மோ நிறுவனத்தின் டீம் நிஞ்சா என்னும் பிரிவினர் ஆக்கி, 2017 பெப்ரவரியில் வெளியிட்டது. பௌத்த ஆலய வாயில்களில் நிற்கும் காவல் தெய்வங்களின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள். ஆண்டு 1600. பேய்கள் உலவும் ஜப்பானில் ஒரு வீரன் வாளேந்திச் செல்கிறான். வாளைப் பிடிக்க அவனுக்கு மூன்று நிலைகள் உண்டு. மேல்நிலையில் வாள் தலைக்குமேல் உயர்கிறது. அடி கனமானது, ஆனால் மூச்சு விரைவில் தீர்ந்துவிடும். கீழ்நிலையில் அடி இலேசானது; கால்கள் பறக்கும், ஒதுங்குவது எளிது. இடைநிலை இரண்டுக்கும் நடுவே தற்காப்புக்கு ஏற்றது. எந்தப் பகைவனுக்கு எந்த நிலை என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை. மாண்டு மாண்டுதான் கற்க வேண்டும்.

அதனினும் நுட்பமானது வேறொன்று. ஒவ்வொரு வீச்சும் வீரனுடைய மூச்சைச் செலவழிக்கிறது. வீச்சு முடிந்த பின் உரிய கணத்தில் ஒரு விசையை அழுத்தினால் செலவான மூச்சு மீண்டு வரும். முந்தினால் குறைவாகவே வரும், பிந்தினால் வராது. மீளும் அக்கணத்திலேயே நிலையையும் மாற்றப் பழகியவனுக்கு இன்னும் கூடுதலாக வரும். ஜப்பானியர் இதற்கு ஸன்ஷின் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அடித்த பிறகும் விலகாது எஞ்சி நிற்கும் மனம் என்பது அதன் பொருள். அவர்களுடைய கெண்டோ வாட்பயிற்சியில் அடி சரியாக விழுந்தாலும் இந்த எஞ்சிய மனம் இல்லையாயின் புள்ளி கிடையாது. பையன் இதனைத் தன் பாஷையிலே விளக்கினான்: "அடிச்சிட்டம் எண்டு கைய எடுத்தா செத்துருவம் சேர். மூச்சு திரும்பி வந்தாத்தான் அந்த அடி முடிஞ்ச மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தவணை முழுவதும் இவனுக்கு நான் வெண்பாவின் தளை கற்பித்தேன். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று கரும்பலகையில் எழுதி ஒப்புவிக்கச் செய்தேன். ஒரு சீர் முடிகிற விதமே அடுத்த சீரின் தொடக்கத்தைத் தீர்மானிக்கிறது என்பதுதானே தளை? விரல் நுனியில் அந்த உணர்வோடு இருப்பவன் என் வகுப்பில் தளை தட்டினான் என்றால், தட்டியது அவனுடைய அறிவு மட்டுந்தானா?

அவன் எடுத்துக் காட்டிய பயிற்சிக் கொப்பி என்னுடைய பாடக் கொப்பிதான். பின்பக்கங்களிலே, குடையேந்தி வந்து உடலை மரக்கச் செய்யும் பெண்பேய் ஒன்றை வெல்வதற்கான குறிப்புகள். அந்தப் பேயிடம் 43 முறை மாண்டிருக்கிறான். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோடு கிழித்து, எதனால் மாண்டான் என்று ஒரு வரி. 'அவசரப்பட்டேன்.' 'மேல்நிலையில் நின்றது பிழை.' 'அவள் மேலெழுந்தால் அடிக்கப் போகக் கூடாது, இறங்கும்வரை பொறுக்க வேண்டும்.' 'மூச்சை எண்ணவில்லை.' நான் 28 புள்ளியிட்ட கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியங்கூட இல்லை. அதிலே 'பன்னெடுங்காலமாக', 'இன்றைய நவீன உலகில்' என்ற வாடகைச் சொற்கள் மண்டிக் கிடந்தன. அவை அவனுடையவை அல்ல. தனியார் வகுப்பிலே விற்கப்படும் மாதிரிக் கட்டுரைகளுடையவை. தனக்கென எழுதிய இடத்தில் பையன் தெளிவான தமிழ் எழுதியிருக்கிறான். எமக்கென எழுதிய இடத்தில் பிணத்தமிழ் எழுதியிருக்கிறான்.

இதைப் படித்துவிட்டு ஆசிரிய நண்பர்கள் கொதித்தெழுவார்கள். விளையாட்டையும் கல்வியையும் ஒப்பிடலாமா என்பார்கள். ஒப்பிட்டுத்தான் பார்ப்போமே! 43 முறை தோற்றவனை அந்தப் பெட்டி ஒருமுறையாவது எழுப்பி நிறுத்தி ஏளனம் செய்ததா? தகப்பனாரை அழைத்து வா என்றதா? தோற்றவன் சேர்த்த செல்வம் அவன் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. திரும்பிச் சென்றால் எடுத்துக்கொள்ளலாம். போகும் வழியில் மீண்டும் மாண்டால் அது போய்விடும் என்பதும் உண்மை. கண்டிப்பு இருக்கிறது, அவமானம் இல்லை. எமது பாடசாலைகளிலோ ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம்வரை பிழை என்பது கற்பதற்குரிய பொருளன்று, மறைப்பதற்குரிய களங்கம். ஆகவே பிள்ளைகள் பிழை விடாத ஒரே வழியைத் தேர்ந்துகொள்கிறார்கள்: பிறர் எழுதிய விடையைப் பாடமாக்குகிறார்கள். கடந்தகால வினாத்தாள், மாதிரி விடை, மீண்டும் வினாத்தாள். ஒரே நிலையில் வாளைப் பிடித்தபடி எல்லாப் பகைவரையும் எதிர்கொள்ளச் சொல்கிறோம்.

மியமோட்டோ முசாஷி என்னும் வாள்வீரர் 1645இல் இறப்பதற்குச் சற்றுமுன் எழுதி முடித்த ஐந்து வளையங்களின் நூல் வாளுக்கு ஐந்து நிலைகள் கூறுகிறது: மேல், நடு, கீழ், வலப்பக்கம், இடப்பக்கம். கூறிவிட்டு, நிலை உண்டு, நிலை இல்லை என்றும் சொல்கிறது. எதிராளியையும் இடத்தையும் பார்த்து வாள் தானே இடம் மாறும். நிலையிலேயே மனத்தைக் கட்டிவைப்பவன் அழிவான் என்பது கருத்து. போர்த்தொழிலையே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்குத் தெரிந்த இந்த ஆசிரியத்துவம் கல்வித் தத்துவத்தில் டிப்ளோமா பெற்ற எமக்குத் தெரியாமற் போனது எங்ஙனம்?

அடுத்து வருகிறார்கள் பண்பாட்டுக் காவலர்கள். "சிலம்பம் இருக்க ஜப்பான்காரன் வாள் எதற்கு?" என்று அன்றைய கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் அவருடைய மகன் கிழமையில் ஆறு நாள் தனியார் வகுப்புக்குப் போகிறான். சிலம்பத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. சிலம்ப ஆசான் கம்பைக் கையில் தருமுன் காலடியைப் பழக்குகிறார். மட்டக்களப்புக் கூத்திலே சட்டங்கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம்வரை மாதக்கணக்கில் அண்ணாவியார் ஆட்டத்தைத் திருத்துகிறார். வடமோடியில் போர் ஆடுகிறவன் எத்தனை இரவுகள் தாளம் பிசகிப் பிசகித்தான் அந்தக் காலடியைப் பெறுகிறான்! பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனையில் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றியபோது, படித்தவர்கள் இதையா ஆடுவது என்று முகஞ் சுளித்தவர்களும் பண்பாட்டுக் காவலர்களே. அந்தப் பையன் செய்வது அண்ணாவியாரிடம் கற்பதற்கு அந்நியமானதன்று. அண்ணாவியார் இல்லை என்பதுதான் குறை. தெமட்டகொடையில் அவனுக்கு ஓர் அண்ணாவியாரை நாம் தேடித் தந்தோமா?

வாள் விளையாட்டு வன்முறையை வளர்க்கும் என்போர்க்கும் ஒரு சொல். நியோ இரத்தம் தெறிக்கும் விளையாட்டு. அமெரிக்க வகைப்பாட்டில் 17 வயதுக்குக் குறைந்தோருக்குரியதன்று. பத்து வயதுப் பாலகனிடம் அதைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் 1983 ஜூலை 24 இரவு, தெமட்டகொடைக்கு அடுத்த பொரளையிலே மூண்ட தீ இந்நகரெங்கும் பரவியபோது, வாளோடும் பொல்லோடும் வீடுவீடாக வந்தவர்கள் எந்தப் பிளேஸ்டேஷனில் பயின்றார்கள்? அவர்களுக்குப் பகைமையைக் கற்பித்தவை மேடைகளும் பத்திரிகைகளும் அரசியலும். அவற்றைக் கேள்வி கேட்க அஞ்சுபவர்களுக்குப் பையனின் விளையாட்டுப் பெட்டி வாய்ப்பான பலியாடு.

இவ்வளவும் சொன்னதால் நான் ஜப்பானியக் கம்பனியின் விளம்பரகாரனாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். கற்பிக்கும் முறைக்கு வணக்கம். கற்பிக்கும் கதைக்கு அன்று.

யார் இந்த வீரன்? அவன் பெயர் வில்லியம். வில்லியம் அடம்ஸ் என்னும் ஆங்கில மாலுமியே அவனுக்கு மூலம். 1598இல் றொட்டர்டாமிலிருந்து புறப்பட்ட ஐந்து ஒல்லாந்தக் கப்பல்களில் ஒன்று, லீப்டெ, 1600 ஏப்ரலில் ஜப்பானை அடைந்தபோது உயிரோடிருந்த சிலருள் அவர் ஒருவர். அவர் கப்பலோட்டி; வாளால் புகழ் பெற்றவர் அல்லர். கப்பல் கட்டத் தெரிந்ததாலும் உலகம் அறிந்ததாலுமே தொக்குகாவா இயேயாசு அவரை வைத்துக்கொண்டார். அதற்குக் கூலியாக ஒரு நிலமானியம் கிடைத்தது. தமக்கு எண்பது தொண்ணூறு உழவர்கள் அடிமைகளைப்போல் இருக்கிறார்கள் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த உழவர்கள் விளையாட்டில் எங்கே? அங்கே ஊர்கள் பெரும்பாலும் எரிந்து கிடக்கின்றன. மக்கள் பிணமாகவோ பேயாகவோ வருகிறார்கள். வியர்வை சிந்தி நெல் விளைவிக்கிறவன் வருவதில்லை. ஆசியாவின் பேய்களை ஓட்ட ஓர் ஐரோப்பியன் வர வேண்டியிருக்கிறது. லீப்டெயை அனுப்பிய அதே வணிக வெறிதான் 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கையில் சேர்த்தது. கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிறவர்கள் வுல்பெண்டால் தேவாலயத்தின் தடித்த சுவர்களைப் பார்த்திருப்பார்கள்.

வாளே யாருடையது? 1588இல் தொயோதோமி ஹிதெயோஷி நாடெங்கும் உழவரிடமிருந்த வாள், ஈட்டி, துப்பாக்கி அனைத்தையும் பறித்தான். அந்த இரும்பு புத்தர் பெருஞ்சிலைக்கு ஆணியாகப் போகும், உங்களுக்கே புண்ணியம் என்றான். அதன்பின்தான் வாள் ஒரு வர்க்கத்தின் அடையாளமாயிற்று. அக்கிரா குரோசாவா 1954இல் எடுத்த ஏழு சாமுராய்கள் படத்தில் பசித்த வாள்வீரர்கள் மூன்று வேளைச் சோற்றுக்காக உழவரின் ஊரைக் காக்கிறார்கள். கடைசியில் நடவுப் பாட்டோடு நிலைத்திருப்பவர்கள் உழவரே. அதே குரோசாவா முடிக்காது விட்ட ஒரு திரைக்கதையிலிருந்துதான் நியோவை ஆக்கும் முயற்சியே தொடங்கியதாம். வழியில் உழவன் தொலைந்து போனான்.

எமது புறப்பாடல் வீரத்தையும் இதே கண்ணோடு பார்க்கத்தான் வேண்டும். கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூல் அவ்வீரத்தைக் கிரேக்க வீரயுகத்தோடு ஒப்பிட்டு, பாணனையும் புரவலனையும் பிணித்த சமூக உறவைக் காட்டியது. அதைப் படித்த தமிழாசிரியனே சாமுராயை ஏளனம் செய்துவிட்டுச் சேரனுக்கு மார்தட்டினால் என்ன நியாயம்?

இவற்றையெல்லாம் நான் பையனிடம் பிரசங்கிக்கவில்லை. "இந்த ஊரில் வயல் உழுதவர்கள் எங்கே தம்பி?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தான். "அதை நான் யோசிக்கல்ல சேர். வயல் இருக்குது, ஆக்களைக் காணல்ல" என்றான். மறுநாள் பாடக் கொப்பியின் பின்பக்கத்தில், கோடுகளுக்குக் கீழே, 'வில்லியத்துக்குச் சோறு போட்டது யார்?' என்று எழுதியிருந்தான். உயர்தர வினாத்தாளில் அதற்கு இடமில்லை.

தாயாருக்கு நான் தீர்ப்பை அறிவிக்கவில்லை. அவரோ, பாடசாலையில் ஏதோ பேசியிருக்கிறார்கள் என்று முன்பே கேள்விப்பட்டு, "பெட்டிய வித்துப்போடவா சேர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதிபரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்: அவன் பாடசாலை மூலமே தோற்ற வேண்டும், தமிழுக்கு நான் பொறுப்பு. பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் என் வகுப்பில் வெண்பாப் பயிற்சியைப் புள்ளியின்றித் திருத்தி, எங்கே தளை தட்டியது என்பதை மாணவரே ஒரு வரியில் எழுதும்வரை திருப்பித் திருப்பிக் கொடுக்கிறேன். அவன் ஏழாம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறான். புள்ளிப் பதிவேட்டில் அந்தப் பத்தி வெறுமையாக இருப்பதற்கு விளக்கம் கேட்டு உப அதிபர் நேற்று ஒரு துண்டு அனுப்பியிருக்கிறார்.